உன் முறை, என் முறை: மினியேச்சர் போர் விளையாட்டில் டர்ன் அமைப்பை மாற்றிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பொம்மைச் சிப்பாய்களை நகர்த்தி, டைஸ் உருட்டிப் போராடும் மேசையில் நண்பரின் முறை நடந்துகொண்டிருந்தது. அவருடைய படையில் எல்லா யூனிட்டும் (சேர்ந்தே ஆடும் வீரர் குழுக்கள்) நகர்ந்தன, சுட்டன, பாய்ந்தன. எனக்கு இருந்த வேலை விழுந்த வீரர்களை எடுத்து ஓரமாக வைப்பது மட்டும்தான். கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது. என் முறை வந்தபோது என் படையில் பாதிதான் மிச்சம். நண்பர் நன்றாகத்தான் ஆடினார், டைஸும் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. யார் எப்போது ஆடுவது என்று சொல்லும் அந்த ஒரே விதி, அதாவது டர்ன் அமைப்புதான், அந்த மதியத்தை அப்படி ஆக்கியது.

அதன்பிறகு அதே மேசை, அதே படைகள், அதே சுடும் விதிகளை வைத்துக்கொண்டு டர்ன் அமைப்பை மட்டும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன். புதிதாக ஒரு விளையாட்டை வாங்கி அதன் டர்ன் அமைப்பை எடைபோடுவது கடினம். விதி, படை, மேசை எல்லாமே ஒரே நேரத்தில் மாறிவிடுவதால் எது எதைச் செய்தது என்று தெரியாது. கைக்குப் பழகிய ஆட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் பளிச்சென்று தெரியும். இந்த வழிகாட்டி அப்படிச் செய்து பார்க்கத்தான்.

விஷயம் நமக்குப் புதிதும் இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு காய் நகர்த்துகிறோம். தாயத்தில் தாயமோ ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் மறுபடி போடுகிறோம். பல்லாங்குழியில் போட்டுக்கொண்டே போகிற கை வெறுங்குழி வந்தால்தான் நிற்கும். மூன்றும் மூன்று வகை டர்ன் அமைப்புகள். காத்திருக்கும் விதமும், திட்டம் போடும் விதமும் மூன்றிலும் வேறு வேறு. மினியேச்சர் உலகத்தில் மட்டும் பலர் ஒரே வகையோடு நின்றுவிடுகிறார்கள்: முதலில் என் படை முழுவதும், அப்புறம் உன் படை முழுவதும். ஆங்கிலத்தில் இதை ஐகோ-யூகோ என்பார்கள். 1987இல் வந்த வார்ஹாமர் 40,000 தொடங்கி எத்தனையோ பெரிய விளையாட்டுகள் இந்த வகைதான்.

சோதனை மேசையைத் தயார் செய்தல்

நான்கடிக்கு நான்கடி மேசை போதும். நடுவில் ஒரு நாற்சந்தி, அதைச் சுற்றி நாலைந்து வீடு அல்லது சுவர், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தோப்பு. ஆளுக்கு ஆறு யூனிட், யூனிட்டுக்கு ஆறு வீரர்கள். 28 மில்லிமீட்டர் பொம்மைகள் இல்லையென்றால் பிளாஸ்டிக் சிப்பாய்களோ, அட்டையில் வெட்டிய சதுரங்களோ போதும். இந்தச் சோதனைக்குப் பெயின்ட் அடித்த படை தேவையில்லை.

உங்களுக்குப் பழகிய விதிகள் இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்களுக்கு நான் பயன்படுத்தும் சின்ன விதித்தொகுப்பு இது. நகர்வு 6 அங்குலம். சுடும் தூரம் 24 அங்குலம். வீரருக்கு ஒரு டைஸ். எதிரி வெட்டவெளியில் இருந்தால் 4, 5, 6 விழவேண்டும், மறைவில் இருந்தால் 5 அல்லது 6. ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு வீரர் விழுவார். பாய்ந்து மோதுவதற்கு 12 அங்குலம். மோதலில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் உருட்டுவார்கள், அதிகம் இழந்தவர் 6 அங்குலம் பின்வாங்குவார். பாதிக்குக் கீழே குறைந்த யூனிட் ஆடும்போது முதலில் ஒரு டைஸ் உருட்டும். 1 அல்லது 2 விழுந்தால் அந்த முறை பதுங்கிக் கிடக்கும். மொத்தம் ஆறு சுற்று. முடிவில் நாற்சந்தியிலிருந்து 6 அங்குலத்துக்குள் யாருக்கு அதிக வீரர்கள் இருக்கிறார்களோ அவருக்கு வெற்றி.

கட்டடங்களை எங்கே வைத்தீர்கள் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் அதே இடத்தில்தான் வைக்கவேண்டும்.

முதல் ஆட்டம்: பழைய முறையிலேயே

எதையும் மாற்றாமல் ஒரு ஆட்டம் ஆடுங்கள். ஒப்பிட ஏதாவது வேண்டுமல்லவா? ஆடும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஒருவர் ஒரு முடிவும் எடுக்காமல் காத்திருந்த அதிகபட்ச நேரம். இரண்டாவது, ஒவ்வொரு சுற்று முடிவிலும் இரு பக்கமும் எத்தனை வீரர்கள் மிச்சம். மூன்றாவதுதான் முக்கியம்: போட்ட திட்டத்தை நடுவில் மாற்றவேண்டி வந்த தருணங்கள் எத்தனை, எவை.

இரண்டாவது குறிப்பு ஏன் என்று ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும். இரு பக்கமும் 36 வீரர்கள், எல்லோரும் மறைவில், எல்லோரும் சுடும் தூரத்துக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஆடுபவர் 36 டைஸ் உருட்டுகிறார். சராசரியாக 12 பேர் விழுகிறார்கள். எதிராளியிடம் மிச்சம் 24 பேர். அவர்கள் திருப்பிச் சுட்டால் 8 பேர்தான் விழுவார்கள். முதல் சுற்று முடிவில் 28க்கு 24. இரண்டாவது சுற்று முடிவில் ஏறக்குறைய 23க்கு 15. டைஸ் நடுநிலையாக இருந்தும், இருவரும் ஒரே மாதிரி ஆடியும், முதலில் ஆடியவருக்கு மட்டும் இந்த லாபம். குறிபார்த்துச் சுடும் போரில் எண்ணிக்கையின் பலம் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்று பிரிட்டன் பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் முதல் உலகப் போர் காலத்திலேயே காட்டியிருக்கிறார். அதனால் ஆரம்பத்துச் சின்ன இடைவெளி சுற்றுக்குச் சுற்று பெரிதாகிக்கொண்டே போகிறது.

இதை வைத்து ஐகோ-யூகோவை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். ஐந்து யூனிட்டைக் கோத்து ஒரே அடியாக அடிக்கும் திட்டம் இதில்தான் அழகாக வரும். புதிதாகக் கற்றுக்கொள்பவர் தன் முறையில் நிதானமாக யோசிக்கலாம். வாள், ஈட்டி காலத்துப் போர்களில் தூரத்திலிருந்து அடிப்பது குறைவு என்பதால் முதல் அடியின் லாபமும் குறைந்துவிடும். எந்திரத் துப்பாக்கி வந்த காலத்துப் போர்களில்தான் இந்த அமைப்பு உறுத்துகிறது.

ஆளுக்கொரு யூனிட்

முதல் மாற்றம் மிக எளிது. நான் ஒரு யூனிட்டை ஆடுகிறேன், அப்புறம் நீங்கள் ஒன்று. ஆடி முடித்த யூனிட் பக்கத்தில் ஒரு பொத்தானை வையுங்கள். எல்லா யூனிட்டும் ஆடியதும் சுற்று முடிந்தது. பொத்தான்களை எடுத்துவிட்டு அடுத்த சுற்று. யார் தொடங்குவது என்று சுற்றுக்குச் சுற்று டைஸ் உருட்டுங்கள்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே வித்தியாசம் தெரியும். காத்திருப்பு ஒன்றிரண்டு நிமிடமாகச் சுருங்கும். முதலில் ஆடியவரின் லாபம் ஆறு யூனிட் அளவிலிருந்து ஒரு யூனிட் அளவாகும். வேறொரு கேள்வியும் உள்ளே வரும்: எந்த யூனிட்டை முதலில் ஆடுவது? ஆபத்தில் இருப்பதையா, அடிக்கக்கூடியதையா? பழைய முறையில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு கனம் கிடையாது.

சிக்கல் யூனிட் எண்ணிக்கை வேறுபடும்போதுதான். எனக்குப் பத்து, உங்களுக்கு ஆறு என்றால், நீங்கள் ஆறையும் ஆடி முடித்தபின் என்னுடைய நான்கு யூனிட் பதிலே இல்லாமல் ஆடும். நான் உதவாக்கரை யூனிட்டுகளை முதலில் ஆடிப் பொழுதைக் கழித்துவிட்டு, உங்கள் கை காலியானதும் நல்லவற்றை இறக்குவேன். உதிரி யூனிட்டுகளை வாங்கிக் குவிப்பவருக்கு இது வெறும் லாபம்.

இதற்கு இரண்டு வைத்தியம் தெரியும். ஒன்று, சிறிய படைக்கு வித்தியாசத்தின் அளவுக்கு 'தாண்டு' சீட்டுகள்: மேலே சொன்ன கணக்கில் நான்கு. ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு உங்கள் முறையைத் தாண்டலாம். இன்னொன்று 1984இல் பிறந்த பேட்டில்டெக் காட்டிய வழி: மிச்சமிருக்கும் யூனிட் ஒருவருக்கு மற்றவரைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், அவர் ஒரே முறையில் இரண்டை நகர்த்தவேண்டும். எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. சீட்டை எப்போது செலவழிப்பது என்பதே நல்ல முடிவாக ஆகிறது. நாலு பேர் ஆடும் பெரிய ஆட்டம் என்றால் இரண்டாவதுதான் குழப்பமில்லாதது.

பைக்குள் கை

நான் அதிகம் ஆடியதும், புதியவர்களுக்கு முதலில் சொல்வதும் இதுதான். ஒரு துணிப்பை வேண்டும். கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் பையே போதும். உங்கள் யூனிட் எண்ணிக்கைக்குச் சிவப்புப் பொத்தான், எதிராளியின் எண்ணிக்கைக்கு நீலப் பொத்தான். எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பாக இருக்கட்டும், தொட்டுப் பார்த்து நிறம் தெரியக்கூடாது. பார்க்காமல் ஒன்றை எடுங்கள். அந்த நிறத்துக்காரர் இன்னும் ஆடாத தன் யூனிட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆடுவார். பை காலியானால் சுற்று முடிந்தது.

2012இல் ரிக் பிரீஸ்ட்லியும் அலெஸியோ கவட்டோரியும் எழுதிய இரண்டாம் உலகப் போர் விளையாட்டான போல்ட் ஆக்‌ஷன் இந்த முறையைப் பரவலாக்கியது. அதில் பையில் இருப்பது பொத்தான் அல்ல, டைஸ். அதன் ஆறு முகங்களில் ஆறு கட்டளைகள்: சுடு, முன்னேறு, ஓடு, பதுங்கியிருந்து தாக்கு, தேறிக்கொள், படுத்துக்கொள். எடுத்த டைஸை யூனிட்டின் பக்கத்தில் கட்டளை மேலே தெரியும்படி வைப்பார்கள். எந்த யூனிட் ஆடிவிட்டது, என்ன செய்தது என்பதை அதே டைஸ் காட்டிவிடும். இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தது. பை இல்லாவிட்டால் சீட்டுக்கட்டே போதும், சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். லாரி பிரோம் 1979இல் எழுதிய தி ஸ்வோர்ட் அண்ட் தி ஃபிளேம் விதிகளில் அப்படித்தான் செய்தார்கள்.

பையில் சிவப்பு ஆறு, நீலம் ஆறு. முதல் மூன்றும் ஒரே நிறமாக வரும் வாய்ப்பு 11இல் 2, அதாவது சுமார் 18 சதவீதம். ஆறு சுற்று ஆட்டத்தில் ஒருமுறையாவது இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தே ஆடவேண்டும். நடக்கும்போது மேசையில் இருவரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். பழைய முறையில் ஒரு முழுப் படை ஆடுவதை வாயை மூடிக்கொண்டு பார்த்தவர்கள், இங்கே மூன்று யூனிட் தொடர்ந்து ஆடினாலே பதறுவார்கள். அடுத்த பொத்தான் யாருடையது என்று தெரியாததுதான் காரணம்.

பையில் கவனிக்கவேண்டியவை மூன்று. ஒரு யூனிட் ஆடுவதற்கு முன்பே அழிந்தால் அதன் பொத்தானை அப்போதே பையிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மிச்சப் பொத்தான்களும் யூனிட்டுகளும் ஒத்துவராது. அடுத்து, படைகள் சமமில்லாதபோது பை அதைத் தானாகவே ஓரளவு சரிசெய்கிறது: ஆறுக்கு மூன்று என்றால் முதல் பொத்தான் பெரிய படையுடையதாக வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, ஆனால் சிறிய படையின் பொத்தான் சுற்றின் கடைசிவரைக்கும் உள்ளே இருக்கலாம் என்ற பயம் பெரியவருக்கு இருந்துகொண்டே இருக்கும். மூன்றாவதுதான் என்னைப் பலமுறை கவிழ்த்தது. ஒரு சுற்றின் கடைசியில் ஆடிய யூனிட், அடுத்த சுற்றின் முதல் பொத்தானிலேயே மறுபடி ஆடலாம். 6 அங்குலம் நகர்ந்து, உடனே 12 அங்குலம் பாய்ந்தால் மொத்தம் 18. பழைய முறையில் 13 அங்குலம் தள்ளி நின்றால் நிம்மதி. பையில் அந்த நிம்மதி கிடையாது. இது பிடிக்காவிட்டால், சுற்றின் கடைசிப் பொத்தானில் ஆடிய யூனிட் அடுத்த சுற்றின் முதல் பொத்தானில் ஆடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சேர்க்கவில்லை; அந்தப் பயம் எனக்கு வேண்டியிருக்கிறது.

பெயர் எழுதிய சீட்டு

பையில் யாருடைய முறை என்பதுதான் அதிர்ஷ்டம். எந்த யூனிட் என்பது உங்கள் கையில். சீட்டில் அந்த உரிமையையும் விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு யூனிட்டுக்கும் பெயர் எழுதிய ஒரு சீட்டு. எல்லாவற்றையும் கலைத்து அடுக்கி ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். எந்தப் பெயர் வருகிறதோ அந்த யூனிட்தான் ஆடும்.

இதோடு நின்றால் பெரிய மாற்றமில்லை. அடுக்கில் ஒரு 'சுற்று முடிந்தது' சீட்டையும் சேருங்கள். அது வந்த கணமே சுற்று முடியும்; பெயர் வராத யூனிட்டுக்கு அந்தச் சுற்றில் வாய்ப்பே இல்லை. இங்கிலாந்தின் டூ ஃபேட் லார்டீஸ் குழு தங்கள் விளையாட்டுகளில் இந்தச் சீட்டுக்கு 'டீ பிரேக்' என்று பெயர் வைத்தது.

இதன் வேகத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். உங்கள் எந்திரத் துப்பாக்கி யூனிட்டின் சீட்டையும் டீ சீட்டையும் மட்டும் மனதில் வையுங்கள். இரண்டில் எது முன்னால் வரும்? பாதிக்குப் பாதி. அடுக்கில் வேறு எத்தனை சீட்டு இருந்தாலும் இது மாறாது. அதாவது சுற்றுக்குச் சராசரியாகப் பாதி யூனிட்தான் ஆடும். ஒரு முக்கியமான யூனிட் இரண்டு சுற்று தொடர்ந்து சும்மா நிற்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பலருக்கு இது தாங்காது. என் நண்பர் ஒருவர் தன் சிறந்த யூனிட் மூன்று சுற்று அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு அந்த ஆட்டத்தைப் பாதியிலேயே முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எனவே டீ சீட்டு இரண்டு வையுங்கள். இரண்டாவது வந்தால்தான் சுற்று முடியும். இப்போது ஒரு யூனிட் ஆடும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. இரண்டு சுற்று தொடர்ந்து நிற்கும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்றாகக் குறையும். மூன்று வைத்து மூன்றாவதில் முடித்தால் நான்கில் மூன்று. ஆறு யூனிட் ஆட்டத்துக்கு எனக்கு இரண்டுதான் சரியாக வந்தது. மூன்று வைத்தால் சீட்டைப் புரட்டுவதில் இருந்த படபடப்பு போய்விடுகிறது.

இன்னும் இரண்டு சேர்க்கைகளைச் செய்து பாருங்கள். சுற்று முடிந்தபோது ஆடாமல் நின்ற யூனிட், தனக்கு மிக அருகில் இருக்கும் எதிரியை நோக்கிச் சுட மட்டும் செய்யலாம் என்று வைத்தால், வீரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்ற உறுத்தல் போகும். அப்புறம் ஒரு அதிகாரிப் பொம்மையும் அவருக்கு ஒரு சீட்டும். அந்தச் சீட்டு வந்தால் 12 அங்குலத்துக்குள் இருக்கும், இன்னும் ஆடாத யூனிட் ஒன்றை அவர் ஆடவைப்பார். அவ்வளவுதான், அதிகாரியை எங்கே நிறுத்துவது என்பது மேசையிலேயே பெரிய முடிவாகிவிடும். அதற்கு முன்பு அதிகாரி என்பவர் கூடுதலாக ஒரு துப்பாக்கி, அவ்வளவே.

பக்கத்தில் இந்த விளையாட்டு ஆட ஆளே இல்லாதவர்களுக்கு ஒரு சேதி: தனியாக ஆட இந்த அமைப்பைவிட நல்லது நான் பார்க்கவில்லை. இரண்டு பக்கத்தையும் நீங்களே ஆடினாலும், அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

சறுக்கும்வரை ஆடு

பல்லாங்குழி நினைவிருக்கிறதா? அதே ரத்தம்தான் இது. ஆண்ட்ரியா ஸ்ஃபிலிகோய் 2007இல் வெளியிட்ட சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ் விளையாட்டில் ஒரு வீரரை ஆடவைக்க ஒன்று, இரண்டு அல்லது மூன்று டைஸை நீங்களே தேர்ந்தெடுத்து உருட்டுவீர்கள். அவருடைய தர எண்ணோ அதற்கு மேலோ விழும் ஒவ்வொரு டைஸுக்கும் ஒரு செயல். ஆனால் இரண்டு டைஸ் தோற்றால் முறை எதிராளிக்குப் போய்விடும்.

நம் சோதனை மேசையில் எல்லா யூனிட்டுக்கும் தர எண் 4 என்று வையுங்கள். ஒரு செயல் என்பது ஒரு நகர்வு அல்லது ஒருமுறை சுடுவது. ஒரு டைஸ் உருட்டினால் முறை போகவே போகாது, ஆனால் பாதி நேரம் யூனிட் அசையாது. இரண்டு உருட்டினால் நான்கில் ஒருமுறை முறை போய்விடும். மூன்று உருட்டினால் பாதிக்குப் பாதி. தேர்ந்த யூனிட் ஒன்றுக்குத் தர எண் 3 என்றால், மூன்று டைஸிலும் முறை போகும் வாய்ப்பு 27இல் 7தான், சுமார் 26 சதவீதம். பேராசையை அளந்து விற்பது போன்ற அமைப்பு இது. எத்தனை யூனிட் ஆடுவது என்பதைவிட எந்த வரிசையில் ஆடுவது என்பதற்கு மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்: அவசியமானதை முதலில், பேராசையைக் கடைசியில். ஆளுக்குப் பத்துக்கு மேல் யூனிட் போனால் இதை விட்டுவிடுங்கள், பின்னால் இருப்பவை ஆட்டம் முழுக்க ஆடாமலே போகும்.

பெரிய படைகளுக்கு இதன் அண்ணன் ஒன்று உண்டு. 2000இல் வந்த வார்மாஸ்டர் விளையாட்டில் தளபதி ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு டைஸ் உருட்டிக் கூட்டுத்தொகை தன் தலைமை எண்ணுக்குள் வரச் செய்யவேண்டும். எண் 8 என்றால் வெற்றி வாய்ப்பு 72 சதவீதம். அதே படைக்கு இரண்டாவது கட்டளை கொடுத்தால் எண் 7, வாய்ப்பு 58, மூன்றாவதுக்கு 42. ஒருமுறை தோற்றால் அந்தத் தளபதிக்கு அந்த முறையில் மேற்கொண்டு கட்டளை கிடையாது. 1990இல் வந்த டிபிஏ (De Bellis Antiquitatis) விளையாட்டு இதையே இன்னும் சுருக்கியது: 12 துண்டுப் படைகள், முறைக்கு ஒரு டைஸ், விழுந்த எண்ணளவுக்கு நகர்வுப் புள்ளிகள். படையை ஒரே கூட்டமாக வைத்திருந்தால் ஒரு புள்ளியில் எல்லாம் நகரும். சிதறவிட்டால் நகர்த்தப் புள்ளி போதாது. அணிவகுப்பு ஏன் முக்கியம் என்று பக்கம் பக்கமாக எழுதவேண்டியதை ஒரே டைஸ் சொல்லிவிடுகிறது. நான் மிகவும் மதிக்கும் விதி இது.

குறுக்கே சுடும் உரிமை

ஐகோ-யூகோவைக் கைவிடாமலே அதன் காத்திருப்பைக் குறைக்கவும் முடியும். எதிரியின் யூனிட் 12 அங்குலத்துக்குள் உங்கள் கண்ணெதிரே நகர்ந்தால், உங்கள் யூனிட் ஒன்று உடனே ஒருமுறை சுடலாம். பதிலாக அது தன் அடுத்த முறையில் சுடமுடியாது. இந்த ஒரு வரி போதும். ஸ்பெயின் நாட்டு விளையாட்டான இன்ஃபினிட்டி இதன் உச்சம்: ஆடுபவர் தன் கட்டளைகள் அத்தனையையும் ஒரே வீரருக்குச் செலவழிக்கலாம், ஆனால் அவரைப் பார்க்கும் ஒவ்வொரு எதிரியும் ஒவ்வொரு கட்டளைக்கும் பதில் கொடுப்பார்கள். ஆர்ட்டி கான்லிஃப் 1996இல் எழுதிய கிராஸ்ஃபயர் இன்னொரு திசையில் போனது. அதில் அளவுகோலே கிடையாது, எண்ணி வைத்த முறையும் கிடையாது. எதிரியின் குண்டு தடுக்கும்வரை நகர்ந்துகொண்டே இருக்கலாம். மேசை நிறைய வீடும் மரமும் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

ஒளித்து வைக்கும் கட்டளை

இருவரும் ஒரே நேரத்தில் ஆடுவதுதான் எல்லாவற்றிலும் நியாயம் என்று தோன்றும். பழைய வழியும்கூட. 1824இல் பிரஷ்யப் படைக்கு அதன் அதிகாரி ரைஸ்விட்ஸ் கொடுத்த கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் விளையாட்டில் ஒரு முறை என்பது இரண்டு நிமிடப் போர். இரு தரப்பும் கட்டளையை நடுவரிடம் கொடுக்க, அவர் மேசையில் நகர்த்துவார்.

வீட்டில் செய்ய, ஒவ்வொரு யூனிட்டுக்கும் 'நின்று சுடு', 'முன்னேறு', 'பாய்', 'பின்வாங்கு' என்று நான்கு சீட்டு. ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், திசையைக் காட்ட ஒரு அம்புக்குறி. இருவரும் வைத்தபின் திருப்புங்கள். முதலில் எல்லா நகர்வும், அப்புறம் எல்லாச் சுடுதலும். விழுந்தவர்களைச் சுடும் கட்டம் முடியும்வரை மேசையிலிருந்து எடுக்கவேண்டாம். அவர்களும் அந்தச் சுற்றில் சுடுவார்கள். முன்பு போட்ட கணக்கு இங்கே 24க்கு 24 என்று முடியும்.

அந்தக் கடைசி விதியைத் தனியாகவும் எடுத்துக்கொள்ளலாம். பேட்டில்டெக்கில் நகர்வு மாறி மாறி நடக்கும், சேதம் மட்டும் கட்டத்தின் முடிவில்தான் செல்லுபடியாகும். எந்த அமைப்போடும் ஒட்டக்கூடிய மிக மலிவான மருந்து அது.

முழு ஒளிவுக் கட்டளை காலாட்படைக்கு எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு யூனிட் ஒரே வீட்டுக்குள் நுழைய எழுதியிருந்தால் யார் முந்தியது என்று விவாதம் வரும். நடுவர் இல்லாமல் அது தீராது. விமானத்துக்கும் கப்பலுக்கும் இது பிரமாதம். அவை நினைத்த இடத்தில் நிற்கமுடியாதவை, எதிரி எங்கே வருவான் என்று ஊகித்துத்தான் திரும்பவேண்டும். 2012இல் வந்த விண்கலப் போர் விளையாட்டான எக்ஸ்-விங் அதைச் சரியாகப் பிடித்தது: இருவரும் வட்டச் சக்கரத்தில் திருப்பத்தை ரகசியமாகத் தேர்ந்தெடுப்பார்கள், திறமை குறைந்த விமானி முதலில் நகர்வார், திறமை கூடியவர் முதலில் சுடுவார். முந்தியது யார் என்ற சண்டைக்கு இடமே இல்லை.

மாற்றும்போது உடையும் விதிகள்

பழகிய ரூல்புக்கில் டர்ன் அமைப்பை மட்டும் மாற்றினால் வேறு எங்கோ ஓட்டை விழும். ஆடுவதற்கு முன்பே பென்சிலோடு உட்கார்ந்து 'முறை' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். "உங்கள் அடுத்த முறைவரை" என்று இருந்தால் "இந்த யூனிட் அடுத்து ஆடும்வரை" என்று மாற்றுங்கள். டீ சீட்டு உள்ள ஆட்டத்தில் அது இரண்டு சுற்றுக்கு இழுத்துவிடும் என்பதால் அங்கே மட்டும் "சுற்று முடியும்வரை". "உங்கள் முறையின் தொடக்கத்தில் எல்லா யூனிட்டும் மன உறுதிக்கு உருட்டவேண்டும்" என்பது, "ஒவ்வொரு யூனிட்டும் தான் ஆடத் தொடங்கும்போது" என்று ஆகவேண்டும். ஒரு யூனிட்டின் (உதாரணமாக, தலைவரின்) பலம் பக்கத்து யூனிட்டுக்கும் சேரும் என்ற விதிகளைக் கூர்ந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்து நகரும் என்று நம்பி எழுதப்பட்டவை அவை. ஒரு யூனிட்டுக்கு ஒரு முறை என்று ஆனபின் தலைவர் பின்னால் தங்கிவிடுவார். தலைவர் ஆடும்போது 6 அங்குலத்துக்குள் இருக்கும் ஒரு யூனிட்டையும் கூடவே ஆடவைக்கலாம் என்று அனுமதித்தால் சரியாகிவிடும். வெற்றிப்புள்ளிகளை ஆள்வாரியாக அல்ல, சுற்று முடிவில் இருவருக்கும் சேர்த்தே எண்ணுங்கள்.

எத்தனை ஆட்டம் வேண்டும்? ஒரு அமைப்புக்குக் குறைந்தது இரண்டு. முதல் ஆட்டம் விதியைப் பழகுவதிலேயே போய்விடும், அதன் குறிப்புகளை நம்பவேண்டாம். இரண்டாவதில் பக்கம் மாற்றி உட்காருங்கள். மூன்று குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், பெரும்பாலும் முதல் இரண்டில் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகும். மூன்றாவதில்தான் பிரிவீர்கள். திட்டம் அடிக்கடி கலைவது ஒருவருக்குப் போரின் உயிர், இன்னொருவருக்குத் தன் திறமையைப் பறிப்பது. என் வழக்கமான எதிராளிக்குச் சீட்டு ஆகாது, எனக்கு ஐகோ-யூகோவில் உட்கார முடியாது. இருவரும் ஒத்துக்கொண்டது பை, அதோடு சேதம் சுற்று முடிவில் அல்லாமல் உடனே, டீ இல்லை, குறுக்கே சுடும் உரிமை ஆளுக்குச் சுற்றுக்கு ஒரு தடவை. மஞ்சள் பை இப்போது பொம்மைப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அடுத்து, ஆறுக்கு ஆறு என்ற சமநிலையை விட்டுவிட்டு, ஒன்பதுக்கு ஐந்து என்று வைத்து அதே நாற்சந்தியில் ஆடிப் பார்க்கப்போகிறோம்.